எழுத்துக்களைக் கலைத்துச் சொல் காணும் முறை

ஏ, இ, டீ. இம்மூன்று ஆங்கில எழுத்துக்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறையே பயன்படுத்தி, எத்தனை சொற்கள் ஆக்கலாம்? நேயர்கள் மேலே படிக்குமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலில் ஓர் ஏற்பாடு. இப்பாடத்தை முழுதும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். ஆதலின் பெயரால் ஒத்திருக்கும் ஆங்கில எழுத்துக்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. டி என்று குறிலில் எழுதினால் அஃது ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து; டீ என்று நெடிலில் எழுதினால் இருபதாம் எழுத்து. பி என வருமிடமெல்லாம் பதினாறாம் எழுத்தே. இரண்டாம் எழுத்துக்கு இப்பாடத்தில் வேலை இல்லை. ஏ முதல் எழுத்து, இ ஐந்தாவது, ஐ ஒன்பதாவது என்பதை எல்லாரும் அறிவர்.

இனி விடைக்கு வருவோம். மூன்று எழுத்துக்களை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். ஏழாவது விதம் கிடையாது. ஏ-இ-டீ என்பது சொல்லாகாது. ஏ-டீ-இ என்றால் 'ஏட்', அதாவது உண்டான் என்பது பொருள். இ-ஏ-டீ என்றால் 'ஈட்', உண் என்பது பொருள். இ-டீ-ஏ என்பது 'ஈட்டா', கிரேக்க நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தின் பெயர். டீ-ஏ-இ என்பது ஸ்காட்லாந்து நாட்டார் வழக்கு. பெரிய அகராதிகளில் மட்டுமே தலை காட்டும். டீ-இ-ஏ என்பது நாம் காலையும் மாலையும் பருகும் தேநீர். ஆக ஆறு அடுக்கில் ஐந்து சொல்லாயின. அவற்றுள் மூன்று அன்றாடச் சொற்கள்.

இவ்விடையைக் காண நமக்கு ஆங்கிலப் புலமை வேண்டியிருக்கவில்லை. ஆறு அடுக்கையும் ஒழுங்காக எழுதும் பொறுமையும், அருகில் ஓர் அகராதியும் இருந்தால் போதுமானதாக இருந்தது. இதை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஆங்கிலம் புழங்காத குடும்பத்துப் பிள்ளைகள், அம்மொழியின் எழுத்துக்கூட்டலைக் கண்டாலே பின்வாங்குகிறார்கள். "அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தானாக வருகிறது, நமக்கு வராது" என்று அவர்களுடைய பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். தானாக வருவது என்று ஒன்று இருக்கலாம். ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது என்றும் ஒன்று இருக்கிறது. அதற்கு முறை உண்டு. அம்முறை மிகப் பழையது. நம்மவர் பலருக்கு அறிமுகமான ஒரு மொழியில் அது அழகாகக் கையாளப்பட்டும் இருக்கிறது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. எட்டாம் நூற்றாண்டில், பஸரா நகரில் கலீல் இப்னு அஹ்மது என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். அரபுச் செய்யுளின் யாப்பை வகுத்தவர் அவரே; இலக்கண மேதை சீபவைஹி அவருடைய மாணவர். அரபு மொழியின் சொற்கள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். கேட்ட சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் எது விடுபட்டது என்று எப்படித் தெரியும்? அதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. அரபுச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு வேராக இருப்பவை மூன்று மெய்யெழுத்துக்கள். எந்த மூன்றை எடுத்தாலும் ஆறு அடுக்குத்தான். ஆகவே மூன்றெழுத்தாக எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆறு அடுக்கையும் ஓரிடத்தில் வைத்து, இது வழக்கில் உள்ளது, இது வழக்கில் இல்லாதது என்று பிரித்தார். இரண்டு எழுத்துக்கு இரண்டு, மூன்றுக்கு ஆறு, நான்குக்கு 24, ஐந்துக்கு 120 என்ற கணக்கையும் அவர் வகுத்திருந்தார். 'கிதாபுல் ஐன்' என்னும் அந்நூலே அரபு மொழியின் முதல் அகராதி. தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் ஐன் என்ற எழுத்தில் தொடங்குவதால் அதற்கு அப்பெயர்.

நமக்குத் தெரிந்த சொற்களையே எடுத்துப் பார்ப்போம். 'இல்மு' என்றால் கல்வி. அதன் எழுத்துக்கள் ஐன், லாம், மீம். பின்னிரண்டையும் இடம் மாற்றினால் ஐன், மீம், லாம். அதுவே 'அமல்', செயல். லாம், மீம், ஐன் என்று அடுக்கினால் ஒளிர்ந்தது என்னும் பொருள் தரும் 'லமஅ'. மூன்று எழுத்துக்குள் கல்வியும் செயலும் ஒளியும் இருக்கின்றன. மதரஸாவில் ஓதிய பிள்ளை இச்சொற்களைத் தனித்தனியாக அறியும். மூன்றும் ஒரே எழுத்துக்கள் என்று காட்டுவார் இருந்தால் அதன் கண் விரியும்.

கலீல் அவர்கள் இன்னொன்றும் சொன்னார். நான்கும் ஐந்தும் எழுத்துக்கள் கொண்ட வேர்ச்சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் என்னும் ஆறில் ஒன்றேனும் இராவிட்டால், அது அரபுச் சொல் அன்று, புறத்தேயிருந்து வந்தது என்று கொள்ளலாம் என்றார். அதாவது எந்த அடுக்கு சொல்லாகாது என்பதை அகராதியைத் திறக்குமுன்பே அறிய முடியும் என்பது அவர் கண்ட உண்மை. ஆங்கிலச் சொல் தேடுவார்க்கும் இதுவே திறவுகோல்.

ஆங்கிலத்துக்குத் திரும்புமுன் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்படும் ஓர் இடையூற்றைச் சொல்லியாக வேண்டும். நம் எழுத்து உயிர்மெய். 'மாலை' என்ற சொல்லைக் கலைத்தால் நம் கையில் கிடைப்பவை மா, லை என்னும் இரண்டே துண்டுகள். உயிர் மெய்யோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது. ஆங்கிலத்திலோ ஒவ்வோர் எழுத்தும் தனியே கழன்று நிற்கிறது. தமிழ்க் கண்ணால் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கும் பிள்ளை துண்டு துண்டாகவே பார்க்கும். அதனால் எழுத்துக்களை இடம் மாற்ற அதற்குத் தோன்றுவதில்லை. இதற்கு மருந்து, மெய்களை நிறுத்தி உயிர்களை மட்டும் மாற்றிப் பழகுவது. பி, டீ என்னும் இரு மெய்களுக்கு நடுவே ஐந்து உயிர்களையும் வரிசையாக வையுங்கள்: பாட், பெட், பிட், பொட், புட். ஐந்தும் சொற்களே. தட்டிக்கொடுத்தல், செல்லப் பிராணி, குழி, பானை, வை என்று ஐந்து பொருள்.

மலேசிய, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. மலாய் மொழியை அவர்கள் இதே ரோமன் எழுத்தில் பார்க்கிறார்கள். ஏ, ஐ, கே, டீ என்னும் நான்கைக் கொண்டு மலாயில் 'கித்தா' என்றால் நாம், 'ஈக்காட்' என்றால் கட்டு, 'காயிட்' என்றால் கொக்கி. எழுதுவதும் ஒலிப்பதும் ஒத்துப் போகும் மொழி அது. அதில் முதலில் பழகிக்கொண்டு ஆங்கிலத்துக்கு வருவது எளிது என்பது நம் கருத்து.

இப்பொழுது நான்கு எழுத்து: ஓ, பி, எஸ், டீ. அடுக்குகள் 24. அத்தனையும் எழுத வேண்டியதில்லை. உயிரெழுத்து ஒன்றே, அது ஓ. அஃது எந்த இடத்தில் நிற்கும் என்று மட்டும் கேட்போம்.

நான்காம் இடத்தில் நின்றால் முன்னே மூன்று மெய்கள் குவிகின்றன; இம்மூன்றும் எப்படிக் குவிந்தாலும் சொல்லாவதில்லை. ஆகவே ஆறு அடுக்கு ஒரே வீச்சில் தள்ளுபடி. மூன்றாம் இடத்தில் நின்றால் முன்னே இரு மெய்கள். டீ-பி, டீ-எஸ், பி-டீ என்று சொல்லைத் தொடங்க ஆங்கிலம் அநேகமாக ஒப்புவதில்லை. எஸ்-பி, எஸ்-டீ என்று தொடங்க மிகவும் விரும்புகிறது. உடனே இரண்டு சொற்கள் விழுகின்றன: எஸ்-பி-ஓ-டீ, 'ஸ்பாட்', புள்ளி அல்லது இடம், எஸ்-டீ-ஓ-பி, 'ஸ்டாப்', நில். இரண்டாம் இடத்தில் ஓ நின்றால், பி-ஓ-எஸ்-டீ 'போஸ்ட்', தபால். பி-ஓ-டீ-எஸ் 'பாட்ஸ்', பானைகள். டீ-ஓ-பி-எஸ் 'டாப்ஸ்', உச்சிகள். முதலிடத்தில் நின்றால், ஓ-பி-டீ-எஸ் 'ஆப்ட்ஸ்', தேர்ந்துகொள்கிறான். மொத்தம் ஆறு. நில் என்னும் சொல்லை அறிந்த பிள்ளை மற்ற ஐந்தையும் அதன் வயிற்றிலிருந்தே எடுத்துவிட்டது.

எழுத்துக்கள் ஏழானால் இம்முறை மட்டும் போதாது. ஏழு எழுத்துக்களுக்கு 5,040 அடுக்குகள். ஒரு விநாடிக்கு ஒன்றாகப் படித்தாலும் 84 நிமிடம் ஆகும். இங்கே வேறொரு தந்திரம் வேண்டும்: சொல்லின் வாலைப் பிடிப்பது.

ஆங்கிலச் சொற்களுக்குப் பழகிய வால்கள் சில உண்டு. ஐ-என்-ஜி, இ-டி, இ-ஆர், ஐ-இ-ஆர், ஏ-டீ-இ, ஐ-டீ-இ, டீ-ஐ-ஓ-என் முதலியன. கையில் உள்ள எழுத்துக்களில் ஒரு வால் கிடைத்தால் அதைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் கலைக்க வேண்டும். ஏழெழுத்துக் கணக்கு நான்கெழுத்துக் கணக்காகிவிடும்.

ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், டீ என்னும் ஏழையும் எடுங்கள். ஐ-என்-ஜி கழற்றினால் மிச்சம் ஏ, இ, ஆர், டீ. அவற்றிலிருந்து டீ-இ-ஏ-ஆர், கிழி; வாலை ஒட்டினால் 'டேரிங்', கிழித்தல். ஐ-இ-ஆர் கழற்றினால் மிச்சம் ஏ, ஜி, என், டீ. அதில் 'டேங்', சுருக்கென்ற சுவை. வாலை ஒட்டினால் 'டேங்கியர்', அச்சுவை மிகுந்தது. ஐ-டீ-இ கழற்றினால் மிச்சம் ஏ, ஜி, என், ஆர். அடுக்கி ஒட்டினால் 'கிரானைட்', கருங்கல். ஏ-டீ-இ கழற்றினால் 'இன்கிரேட்', நன்றி கெட்டவன். கடைசிச் சொல்லில் ஒரு வேடிக்கை பாருங்கள். வால் என்று நாம் சொன்ன ஐ-என்-ஜி அதில் தலையாக நிற்கிறது. ஆதலால் வாலில் ஒட்டாதது தலையில் ஒட்டுமா என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்பது எழுத்துக்கும் இதே வழிதான். கல்வி என்று பொருள்படும் 'எடுகேஷன்' என்ற சொல்லில் ஆங்கிலத்தின் ஐந்து உயிர்களும் ஒவ்வொரு முறை வருகின்றன. அதன் ஒன்பது எழுத்துக்களிலிருந்து இ-டி என்ற வாலைக் கழற்றி, மிச்சத்தில் டீ-ஐ-ஓ-என் என்ற வாலையும் கழற்றினால், ஏ, சி, யூ மூன்றே நிற்கும். ஏ-யூ-சி என்று அடுக்கி இரு வாலையும் ஒட்டினால் ஏலம் விடப்பட்டது என்று பொருள். சி-ஏ-யூ என்று அடுக்கினால் எச்சரிக்கப்பட்டது என்று பொருள். கல்விக்குள் ஏலமும் எச்சரிக்கையும் இருப்பதைக் கண்டு சிரிப்பதா சிந்திப்பதா என்பதை நேயர்களுக்கே விடுகிறோம்.

தேடுவோர் கைக்கொள்ளும் சிறு உபாயங்கள் இரண்டு. கொடுத்த எழுத்துக்களை முதலில் நெடுங்கணக்கு வரிசையில் எழுதிக்கொள்வது ஒன்று. ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட் எல்லாம் அப்போது ஓ-பி-எஸ்-டீ என்று ஒரே முகம் காட்டும். அந்த முகத்தை ஒருமுறை கண்டவர் பிறகு மறப்பதில்லை. எழுத்துக்களை வட்டமாக எழுதுவது மற்றொன்று. வரிசையாக எழுதினால் அந்த வரிசையே கண்ணில் ஒட்டிக்கொள்ளும். வட்டத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

இன்னொரு வகைத் தேடலும் உண்டு. எழுத்துக்களைக் கலைக்காமல், அவை அதே வரிசையில் உள்ளே அமைந்த சொற்களைத் திரட்டுவது. ஓ-யூ-ஜி-எச் என்னும் நான்கை எடுங்கள். 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'ரஃப்', 'ப்ளௌ', 'தாட்' ஆகிய ஆறு சொற்களிலும் இந்நான்கு எழுத்துக்களும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் இருந்தபோதிலும், ஊடாக, இருமல், கரடுமுரடு, ஏர், எண்ணம் என்று ஆறு பொருள். ஆறு வேறு ஒலி. காதை நம்பிய பிள்ளை ஆறு சொல்லிலும் தடுக்கி விழும். இதற்குக் காரணம் ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஜி-எச் என்னும் சேர்க்கை முற்காலத்தில் அரபுக் 'கா'வைப் போலத் தொண்டையிலிருந்து ஒலித்தது. ஒலி சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ஃப் என்று திரிந்தது. எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே இத்தகைய சொற்களை ஒலியால் தொகுக்காமல், எழுத்தால் தொகுத்து ஒரே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பக்கம் கண்ணில் பதிந்தால் எழுத்துக்கூட்டல் தவறாது.

சிறு பிள்ளைகளுக்கு நீண்ட சொல் ஒன்றைக் கொடுத்து அதற்குள் இருக்கும் சிறு சொற்களை எடுக்கச் சொல்வதே நல்லது. மேலே கண்ட கிரானைட்டுக்குள் மழை இருக்கிறது, ரயில் இருக்கிறது, மோதிரம் இருக்கிறது, பூதம் இருக்கிறது, புலியும் இருக்கிறது. 'ரெயின்', 'ட்ரெயின்', 'ரிங்', 'ஜயண்ட்', 'டைகர்'. கருங்கல்லுக்குள் புலியைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதுவெல்லாம் விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வேலையிழந்திருந்த ஆல்ஃப்ரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஓர் ஆட்டம் அமைத்தார். 1948இல் அதற்கு ஸ்க்ராபிள் என்ற பெயர் வந்தது. அதன் நூறு சில்லுகளில் இ மட்டும் 12. ஏ, ஐ ஒவ்வொன்றும் 9. கியூ ஒன்றே ஒன்று. எழுத்துக்களை எண்ணும் இக்கலையும் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, மறைமொழியில் எழுதிய கடிதத்தை எழுத்துக்களின் எண்ணிக்கையைக் கொண்டே அவிழ்க்கலாம் என்று எழுதி வைத்தார். மலாய் மொழிக்கும் இவ்வகையில் 'சாஹிபா' என்னும் ஆட்டம் உண்டு.

ஆங்கில ஸ்க்ராபிளின் உலகப் போட்டி 2003இல் கோலாலம்பூரில் நடந்தது. வென்றவர் தாய்லாந்தின் பனுபோல். 2009இல் ஜொகூர் பாருவில் நடந்தது. வென்றவர் தாய்லாந்தின் பகோர்ன். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டாரை, அது தாய்மொழியல்லாதவர், நம் ஊர்களிலேயே வந்து வென்றனர். 2007இல் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸை எதிர்த்து ஆடி இரண்டாமிடம் பெற்றவர் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம். வீட்டில் எந்த மொழி பேசுகிறோம் என்பது இதற்குத் தடையன்று என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

ஆனால் அதே நைஜல் ரிச்சர்ட்ஸின் கதையில் நாம் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டிய பக்கமும் இருக்கிறது. அவர் 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும், 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் பெற்றார். அம்மொழிகளில் பேச அறியாதவர் அவர். சொற்களை எழுத்துக் கோவைகளாக மட்டும் மனத்தில் ஏற்றியிருந்தார். போட்டிக்கு அது போதும். அவருடைய நினைவாற்றலை வியக்காதிருக்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு அது போதாது. அவர்கள் பட்டம் வெல்லப் புறப்பட்டவர்கள் அல்லர். கடிதம் எழுதவும், விண்ணப்பம் எழுதவும், வேலைக்கு நேர்முகம் காணவும் ஆங்கிலம் தேடுகிறவர்கள். ஆகவே கண்டெடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் பார்த்து, அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிய பிறகே அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் விதி வைப்பது நலம். பத்துச் சொல் பொருளோடு தெரிந்த பிள்ளை, நூறு சொல் பொருளின்றிச் சொல்லும் பிள்ளையைவிட மேல் என்றே நாம் எண்ணுகிறோம். இதில் மாற்றுக் கருத்துடையார் உண்டு. முதலில் எழுத்துப் பழகட்டும், பொருள் பின்னால் வரும் என்பது அவர்கள் வாதம். திருக்குர்ஆனை ஓதத் தொடங்கும் பிள்ளை பொருளறிந்தா தொடங்குகிறது என்றும் கேட்பர். ஓதுவதற்கு ஓதுவதிலேயே பேறு உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அப்படியொன்றும் இல்லையே!

கைப்பேசியில் எழுத்துக்களைத் தட்டினால் அத்தனை சொற்களும் ஒரு நொடியில் வந்து நிற்கின்றன; பிறகு எதற்கு இந்தப் பாடு என்று இளைஞர்கள் கேட்பார்கள். விடை சரியா என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. தேடுவதற்கு முன்பே திறந்துவிட்டால், பட்டியல் திரையில் இருக்கும். எழுத்துக்கூட்டல் தலையில் இராது.

பயிற்சிக்கு மூன்று கணக்குகள் தருகிறோம்.

ஏ, சி, இ, எச், டீ. இரண்டு சொற்கள். ஒன்று ஆசிரியர் செய்வது. மற்றொன்று தேர்வில் மாணவர் செய்யக்கூடாதது.

இ, ஐ, எல், என், எஸ், டீ. வாலைத் தேடாமல், உயிர்கள் இரண்டும் நிற்கும் இடங்களை மாற்றிப் பாருங்கள். காதால் செய்வது ஒன்று, அதைச் செய்யும்போது வாய் இருக்க வேண்டிய நிலை ஒன்று, படையில் சேர்வது ஒன்று. இன்னும் இரண்டு உண்டு.

ஏ, இ, எல், எஸ், டீ. குறைந்தது ஆறு சொற்கள். திருடு, கற்பலகை, பழசாகிப் போனது, கதைகள் என்று நான்குக்குக் குறிப்புத் தந்தாயிற்று. பொன் நிறுக்கும் சீனர் அளவையின் பெயரைப் பன்மையில் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஏழாவதும் கிடைக்கும். விடைகள் அடுத்த இதழில்.